ஒருசார்பும் நடுவுநிலையும்

(வைகை அணையில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆசிரியர் ஒருவர் தம் ஒருசார்பைப் பாடத்துள் கலந்தார் என்று குற்றஞ் சாட்டப்பெற்றால் நாம் செய்யத்தக்கது யாது? நம் மொழிப்போரைத் தொட்டெழுந்த வழக்கொன்றைக் கொண்டே இதனை எண்ணிப் பார்ப்போம்.

நடுவணரசின் கல்வி ஆய்வுக் குழுமம் பன்னிரண்டாம் வகுப்புக்கென 2007-இல் அரசியலறிவியல் பாடநூல் ஒன்றை வெளியிட்டது. அரசியலறிஞர்களான சுகாசு பல்சிகரும் யோகேந்திர யாதவும் அதன் தலைமை அறிவுரைஞர்கள். 1965-ஆம் ஆண்டு இந்தியெதிர்ப்புப் போரைப் பற்றி ஆர்.கே. இலக்குமண் வரைந்த கருத்துப்படம் அந்நூலில் இடம்பெற்றது. கல்லேந்தி நிற்கும் மாணவனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாதென்று நகைத்தது அப்படம்.

நகைப்புக்குரியதா அப்போர்? 1964 சனவரி 25-இல் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி தம்மையே தீக்கு ஈந்தார். 1965 சனவரி 27-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலர் சுட்டு மாண்டார். அடுத்த திங்களில் நடுவணமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பொறுப்பு விலகல் மடல் தந்தனர். 1967-இல் ஆட்சிமொழிச் சட்டமே திருத்தப்பட்டது. ஆகவே, அப்படத்தை நீக்குக என்று 2012-இல் கலைஞர் கருணாநிதியும் பிறரும் முழங்கியபோது அவர்களிடம் எழுந்தது அறச்சினமே.

அதற்குச் சில கிழமைகளுக்கு முன், மே 11-இல், பதினொன்றாம் வகுப்பு நூலில் இருந்த அம்பேத்கர் படத்தால் நாடாளுமன்றம் கொந்தளித்தது. அறிவுரைஞர் இருவரும் அன்றே விலகினர். மறுநாள் புனே பல்கலைக்கழகத்தில் பல்சிகரின் அறை அடித்து நொறுக்கப்பட்டது. பின்னர், தோரட் தலைமையில் அமைந்த குழு மொழிப்போர்ப் படத்தையும் நீக்கப் பரிந்துரைத்தது. அக்குழுவில் மாறுபட்டு எழுதியவர் ஒரு தமிழர். திராவிட இயக்க வரலாற்றை ஆழ்ந்து ஆய்ந்த எம்.எசு.எசு. பாண்டியன். அரசியலார்க்கு ஒவ்வாதது கல்விக்கும் ஒவ்வாததாகிவிடாது என்பதே அவர் நிலைப்பாடு.

தோழர்களே! இவ்வணையின் அளவுகோலைப் பாருங்கள். எழுபத்தோரடி என்பது தேனி உழவனுக்கும் இராமநாதபுரத்து உழவனுக்கும் ஒன்றே. நடுவுநிலையும் அத்தகையது. நமக்குப் பிடிக்காத படத்தைக் கிழிக்கும் உரிமை நமக்குண்டெனில், பிறர்க்குப் பிடிக்காத உண்மையைக் கிழிக்கும் உரிமை அவர்க்கும் உண்டாகிவிடும். அதுவே நடந்தது. 2022-இல் பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி, அதே நூலிலிருந்து குசராத்துக் கலவரச் செய்தியையும் மக்கள் இயக்கங்களின் எழுச்சி பற்றிய இயலையும் வெட்டினர். நூலில் தம் பெயரே வேண்டா என்று பல்சிகரும் யாதவும் 2023-இல் எழுதினர்.

படத்தை நீக்குவதால் சின்னச்சாமியின் பெயர் எந்தப் பாடத்திலும் ஏறிவிடாது. அப்படத்தின் அருகிலேயே நம் ஈகியர் வரலாற்றை அச்சிடுக என்று கேட்டிருத்தல் வேண்டும். இகழ்ந்தவன் வரைந்ததையும் எரிந்தவன் வாழ்வையும் ஒருங்கே காணும் மாணவன் உண்மையைத் தானே தேர்வான். அறையை நொறுக்குவது தமிழ்நெறியன்று. ஆசிரியரின் பிழையைச் சான்று காட்டி மறுப்பதே தமிழ்நெறி.

அன்று களம்கண்ட மாணவர் இன்று எண்பதை எட்டியோர். கம்பம் பள்ளத்தாக்கின் ஒவ்வோர் ஊரிலும் அவர்களைத் தேடுங்கள். அவர்தம் சொல்லை எழுத்தில் ஏற்றுங்கள். நாம் எழுதாத வரலாற்றைப் பிறர்தாம் எழுதுவர். வெல்க தமிழ்!