முடிவு செய்யாத மாணாக்கன்

(நமது சங்கத்தின் தாம்பரம் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தின் வாசகம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் எவருக்கும் புதிதன்று. கலியாணப் பந்தலாயினும், துக்க வீடாயினும், நம்மவர் இருவர் கூடுமிடத்தில் "பிள்ளை என்ன படிக்கிறான்? மேலே என்ன செய்யப் போகிறான்?" என்ற இரண்டு கேள்விகள் எழாமற் போவதில்லை. முதற் கேள்விக்குப் பிள்ளை தாராளமாக விடை கூறுகிறான். இரண்டாவது கேள்விக்கோ தலை கவிழ்ந்து, "இன்னும் முடிவு செய்யவில்லை" என்கிறான். கேட்டவர் முகம் மாறுகிறது. தந்தையார் முகம் அதனினும் மாறுகிறது. அன்றுமுதல் அம்மாணாக்கன் திசை தெரியாதவனென்றும், பொறுப்பில்லாதவனென்றும் பேசப்படுகிறான். இப்பேச்சு நியாயமானதா என்பதை ஆராய்வதே நமது நோக்கம். அவ்வாராய்ச்சியினின்றும் பிறக்கும் கோரிக்கையொன்றையும், நமது கல்வி உதவி நிதியைக் குறித்து, முடிவில் சபையோர்முன் வைக்க விரும்புகிறோம்.

நம் முன்னோர் காலத்தில் இக்கேள்வியே இல்லை. தந்தை செய்த தொழிலை மைந்தன் செய்தான். பின்னர் இங்கிலீஷ் படிப்பு வந்தது. சர்க்கார் உத்தியோகமும் குமாஸ்தா வேலையும் வந்தன. அப்பொழுதும் வழி இரண்டு அல்லது மூன்றே. இன்றோ ஒரு பட்டம் பெற்றவன்முன் வழிகள் பலவாய்க் கிளைக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் பெயரைக்கூட அவன் பெற்றோர் கேட்டதில்லை. இந்நிலையில் பதினேழு வயதில் ஒரு பாடத்தைத் தேர்ந்து கலாசாலையிற் புகுந்த பிள்ளை, இருபதாம் வயதில் ஐயுற்று நிற்பானாயின், அதில் வியப்பென்ன?

வழிகள் பலவானது மட்டுமன்று. வழிகளே இடம் மாறுகின்றன. வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஒரு காலத்தில் ஹெரால்டு, கெஸெல் முதலிய கார்களைச் செய்து வந்தது. அங்கு வேலை கிடைத்தால் வாழ்நாள் முழுதும் கவலையில்லையென்று எண்ணிய குடும்பங்கள் பல இருந்திருக்கும். 1988ஆம் ஆண்டோடு அங்கே கார் உற்பத்தி முடிந்தது. மறைமலைநகரில் போர்டு கம்பெனியின் தொழிற்சாலையிலும் 2022இல் கார் உற்பத்தி நின்றது. "நிரந்தர வேலை" என்று நாம் பிள்ளைகளுக்குச் சுட்டும் கரைகளும் ஆற்றோடு போகக் கூடியவையே. ஆதலால் ஒரு வேலையின் பெயரைச் சொல்லி அதனைப் பற்றிக்கொள் என்பதைவிட, மாறும் காலத்தில் ஆராய்ந்து முடிவு செய்யும் திறமையைக் கற்பிப்பதே பிள்ளைக்கு நாம் செய்யும் பேருதவியாகும்.

இதற்குச் சான்று தேடி நாம் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. தாம்பரத்திலிருந்து ரயிலேறினால் இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை. அங்கே 1949இல் ஸ்ரீ சி. ராஜம் அவர்கள் தமது வீட்டை விற்றுப் பொருள் திரட்டிச் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தை ஸ்தாபித்தார். 1978இல் அது அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. தொடக்கத்தில் இந்தக் கழகம் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர்களைச் சேர்த்து, விமானம், மோட்டார் வாகனம், மின்னணு, கருவியியல் ஆகிய துறைகளில் மூன்றாண்டு பயிற்றியது. இதன் கருத்தைச் சிந்தியுங்கள். ஒரு பட்டம் முடித்தவன் மற்றொரு துறையை நாடி வருவது இயல்பென்று கொண்டு, அவனுக்கென்றே ஒரு வாயில் அமைக்கப்பட்டது.

அவ்வாயில் வழியே 1950களின் நடுவில் இராமேசுவரத்து இளைஞரொருவர் நுழைந்தார். அவரே பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். திருச்சிராப்பள்ளி அர்ச் சூசையப்பர் கலாசாலையில் பௌதிகம் படித்து 1954இல் பட்டம் பெற்ற அவர், அப்படிப்பின் இறுதி ஆண்டிலேதான் பௌதிகம் தமக்குரிய துறையன்று என உணர்ந்ததாகத் தம் வரலாற்றிற் கூறியிருக்கிறார். பட்டப்படிப்பின் வாயிற்படி தாண்டும் வேளையில் பிறந்த ஐயம்! நம் இல்லங்களில் இப்படியொரு பிள்ளை சொன்னால், "இத்தனை வருஷப் பணமும் பாழ்" என்ற கூக்குரல் எழும். குரோம்பேட்டையிற் சேரப் பணம் வேண்டியிருந்தது. தந்தையாரிடம் அவ்வளவு பணமில்லை. அவருடைய தமக்கையார் ஜொஹரா அம்மையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். தம்பி முன்னமே ஒரு பட்டம் பெற்றவர் என்பதை அவ்வம்மையார் ஒரு தடையாகக் கொள்ளவில்லை.

கதை அங்கு முடியவில்லை. விமானப் பொறியியல் கற்ற அவர் ஆகாயப் படையில் விமானியாக விரும்பினார். டேராடூனில் நடந்த தேர்வுக்கு வந்தவர் இருபத்தைவர், எடுக்கப்பட்டவர் எண்மர், இவர் ஒன்பதாமவர். ஓரிடத்தால் அவ்வாசை கைகூடாமற் போயிற்று. மனம் நொந்தவர் பின்னர்த் தேறி, 1958இல் பாதுகாப்பு அமைச்சைச் சார்ந்த ஓர் ஆராய்ச்சி உத்தியோகத்தை மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ஏற்றார். 1980இல் ரோகிணி என்ற செயற்கைக் கோளை வானிற் செலுத்திய எஸ்.எல்.வி. 3 ராக்கெட்டின் திட்டத் தலைவராக அவர் விளங்கியதை நாடறியும். பௌதிகம், விமானப் பொறியியல், விமானியாகும் ஆசை, ஆராய்ச்சி என நான்கு திருப்பங்கள் அவ்வழியில் இருந்தன. இருபது வயதில் அவரை நிறுத்தி "என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டிருந்தால், ராக்கெட் என்ற விடை வந்திராது.

இனி இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. நம் தாம்பரத்துக் கிறிஸ்தவக் கலாசாலை 1937இல் இங்கு வருவதற்குமுன் சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே பயின்ற டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தத்துவ சாஸ்திரத்தை விரும்பித் தேர்ந்தவரல்லர். உறவினரொருவர் அக்கலாசாலையிலேயே படித்து முடித்துத் தம் தத்துவப் புத்தகங்களை இவருக்குக் கொடுத்தார். புத்தகம் வாங்கப் பணமில்லாத நிலையில் அதுவே இவர் பாடமாயிற்று. தற்செயலாய் வந்த அப்பாடத்தை அவர் வெறுத்துத் தள்ளாமல் முழு மனத்தோடு கற்றார். 1909இல் பிரஸிடென்ஸி கலாசாலையில் ஆசிரியரானார். உலகம் போற்றும் தத்துவ ஞானியானார்.

இவ்விருவரும் நம் குலத்தவரல்லர். ஆயினும் படிப்பினை யாவர்க்கும் பொது. ஒருவர் எடுத்த பாடத்தை விட்டுச் சென்று மேன்மையுற்றார். மற்றவர் விடாது நின்று மேன்மையுற்றார். ஆகவே மாறுவதே நலமென்றோ, மாறாமையே நலமென்றோ நாம் விதி வகுக்க முடியாது. இருவர்க்கும் பொதுவாய் இருந்தது ஒன்று: எதிர்காலம் தெளிவாகாத நாளிலும் கையிலிருந்த வேலையை அவர்கள் நன்றாகச் செய்தார்கள். மாணவச் சகோதரர்களே, இதை நீங்கள் மறவாதீர்கள். முடிவு செய்யவில்லை என்பது பாடத்தைப் படியாமலிருப்பதற்குச் சாக்காக முடியாது. ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாய் ஆண்டுகளைக் கழிப்பவனுக்கு நாம் பரிந்து பேச வரவில்லை.

அப்படியாயின் முடிவை நாடுவது எவ்வாறு? நாற்காலியில் அமர்ந்து யோசிப்பதால் மட்டும் அது கிட்டாது. பார்த்தும் கேட்டும் அறிய வேண்டும். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் நம் பாதையையே எடுத்துக் கொள்ளுங்கள். கிண்டியில் 1794இல் தோன்றிய நில அளவைப் பள்ளியின் வழிவந்த பொறியியற் கலாசாலை. பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம். திரிசூலத்தில் விமான நிலையம். சானடோரியத்தில் 1928இல் தோன்றிய காசநோய் மருத்துவமனை, 1984 முதல் ஏற்றுமதித் தொழிற்பேட்டை, 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். தாம்பரத்தில் ஆகாயப் படைத் தளமும் ரயில்வே பணிமனையும். தினந்தோறும் இவ்வழியே செல்லும் நம் மாணவருள், ஒரு நாளேனும் இறங்கி, "இங்கே என்ன வேலை நடக்கிறது? அதற்கு எப்படிப் பயில்வது?" என்று விசாரித்தவர் எத்தனை பேர்?

ஒரு தொழிலில் உள்ளவரைக் கண்டால் சம்பளத்தை மட்டும் கேட்டு மீளாதீர்கள். அவர் காலை பத்து மணிக்கு என்ன செய்கிறார், அவ்வேலையில் அவருக்குச் சலிப்பூட்டுவது எது, பத்தாண்டு கழித்து அதில் எந்நிலையை அடையலாம், அதிற்புக எவ்வளவு காலமும் பணமும் வேண்டும் என்னும் நான்கையும் கேளுங்கள். சலிப்பூட்டும் பகுதியைப் பொறுக்கக் கூடியவனுக்கே அத்தொழில் ஏற்றது. விடுமுறையில் பத்து நாள் ஓரிடத்தில் கூலி வாங்காமலேனும் உடனிருந்து பாருங்கள். பிறகு உங்களுக்கு நீங்களே ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த நாள் வந்ததும், அறிந்தவற்றுள் சிறந்ததைத் துணிந்து ஏற்றுக்கொள்ளுங்கள். முழுத் தெளிவு வரட்டும் என்று காத்திருப்பவன் அலை ஓய்ந்தபின் நீராட நினைப்பவனை ஒப்பான்.

எடுத்த பட்டம் மற்ற வாயில்களை அடைத்துவிடும் என்று அஞ்சவும் வேண்டாம். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும், ஐ.ஏ.எஸ். முதலிய குடிமைப் பணித் தேர்வுக்கும், பரங்கிமலைப் பயிற்சிக்குரிய தேர்வுக்கும் எந்தத் துறைப் பட்டதாரியும் முயலலாம். மாவட்டந்தோறும் உள்ள வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களில் ஆலோசனையும், போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பும் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசின் "நான் முதல்வன்" திட்டமும் 2022 முதல் நடைபெறுகிறது. இவற்றை நாடுவதற்குச் சிபாரிசு வேண்டுவதில்லை.

பெண்மக்களைப் பற்றி ஒரு வார்த்தை. "அவளுக்கு என்ன, கலியாணம் ஆகும்வரை படிக்கட்டும்" என்று சொல்லும் வீடுகள் நம்மிடையே இன்னும் உள்ளன. பையனை முடிவு செய்யும்படி நெருக்குகிறோம். பெண்ணையோ முடிவு செய்ய வேண்டியவளாகவே எண்ணுவதில்லை. பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகளாகப் பெண்கள் பயிற்சி பெறத் தொடங்கியது 1992இல். நாடு திறந்த கதவை வீடு சாத்தலாகாது. தாய்மார்கள் இதனைக் கருத வேண்டும்.

பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இதுவே. பிள்ளையின் ஐயத்தை அவமானமாகக் கருதாதீர்கள். பிறர்முன் அக்கேள்வியைக் கேளாதீர்கள். குடும்பத்தின் வரவையும் கடனையும் ஒளிக்காமல் அவனிடம் எடுத்துரையுங்கள். எவ்வளவு காலம் தன்னைத் தாங்க இயலும் என்பதை அறிந்த பிள்ளை அதற்குள் முடிவு தேடுவான். அறியாத பிள்ளையோ கனவிலாவது அச்சத்திலாவது காலம் போக்குவான்.

இனி நமது கோரிக்கை. கல்வி உதவி நிதிக்கு வரும் விண்ணப்பங்களை நாம் பார்வையிட்டதுண்டு. "பட்டம் பெற்றபின் மேற்கொள்ளக் கருதும் தொழில் யாது?" என்று அதில் ஒரு வினா உள்ளது. டாக்டர், இஞ்சினீயர், ஐ.ஏ.எஸ். என்றே பெரும்பாலோர் எழுதுகின்றனர். வரலாறு படிப்பவரும், வணிகம் படிப்பவரும் இப்படியே எழுதுகின்றனர். அவை மாணவர் மனத்திலிருந்து வந்த விடைகளல்ல. கமிட்டியாரை மகிழ்விக்க எழுதப்பட்டவை. ஒரு விண்ணப்பத்தில் மாத்திரம் மூன்று தொழில்களின் பெயர்கள் எழுதி அடிக்கப்பட்டு, அவற்றின்கீழ் "இன்னும் தெரியவில்லை" என்றிருந்தது. அவ்வொன்றே மெய் பேசியது. மெய் பேசிய அம்மாணவி பின்வரிசையில் வைக்கப்படுவதும், பொய் எழுதியவர் முன்வரிசை பெறுவதும் தருமமாகுமா? அன்றியும், நடுவில் பாடம் மாற்றுவோருக்கு உதவி நின்றுவிடும் என்ற விதியும் உள்ளது. ஜொஹரா அம்மையார் அவ்விதிப்படி நடந்திருந்தால் வளையல் அவர் கையிலேயே இருந்திருக்கும்.

ஆதலால் மூன்று விஷயங்களைச் சபையோர் ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம். முதலாவது, அவ்வினாவுக்கு "முடிவு செய்யவில்லை" என்ற விடையும் தகுதியான விடையாக ஏற்கப்படவேண்டும். இரண்டாவது, தக்க காரணங்காட்டித் துறை மாறும் மாணவருக்கு ஒரு முறையேனும் உதவி தொடர வேண்டும். மூன்றாவது, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, நம்மவருள் பற்பல தொழில் செய்வோர் இம்மண்டபத்தில் அமர்ந்து மாணவரின் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். பெரிய உத்தியோகஸ்தர் மட்டுமன்று. மின்சார வேலை செய்வோரும், கடை நடத்துவோரும், செவிலியரும் வரவேண்டும். இதற்குப் பணச் செலவில்லை. மாதத்தில் இரண்டு மணி நேரமே செலவு.

சங்கங்கள் பணம் சேர்ப்பது எளிது. அப்பணத்தைப் பெறும் பிள்ளை அச்சமின்றி உண்மை பேசும்படி செய்வதே அரிது. அதனை நம் சங்கம் செய்யுமென்று நம்புகிறோம்.