புதிய நாட்டில் புதுக்குடித்தனம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

நம் மக்களுக்கு வெளிநாட்டுப் பயணம் புதிதன்று. பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826ஆம் ஆண்டிலும் தோன்றியவை. நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிச் சென்றவர்களின் அடையாளங்கள் அவை. ஆனால், அக்காலத்தில் சபர் சென்றவர் பெரும்பாலும் ஆண்மகன் மட்டுமே. மனைவி ஊரில் உற்றார் உறவினர் நடுவே இருந்தார். சபராளி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போனார். பிரிவு என்னும் துன்பம் இருந்தது. எனினும் குடும்பம் ஊரிலேயே இருந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. நிக்காஹ் முடிந்த சில மாதங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தே விமானம் ஏறுகிறார்கள். இறங்கும் இடத்தில் மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, பக்கத்து வீட்டு மாமி இல்லை. இருவருக்கும் இருவர் மட்டுமே துணை. இத்தகைய தம்பதியர் புதிய நாட்டில் அன்றாட வாழ்க்கையை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பது பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். கனடா நாட்டின் டொரன்டோ நகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில், அந்நாட்டை முன்வைத்தே பேசுகிறேன்.

முதலாவதாக, பயணத்திற்கு முன் செய்ய வேண்டியவை. மாப்பிள்ளைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்பதற்காகத் தொலைபேசி வழியாகவோ, காணொளி வழியாகவோ, வகீலை நியமித்தோ நிக்காஹ் நடத்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது மார்க்கப்படி செல்லுமா என்பது ஆலிம் பெருமக்கள் சொல்ல வேண்டிய விஷயம். அதில் நான் நுழையவில்லை. ஆனால், 2015ஆம் ஆண்டு ஜூன் 11 முதல் கனடாவின் குடியேற்ற விதிகள் இத்தகைய திருமணத்தை ஏற்பதில்லை. மணமக்கள் இருவரும் திருமணம் நடக்கும் இடத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும். இல்லையேல், அத்திருமணத்தைக் காட்டி மனைவியை அழைத்துக்கொள்ள இயலாது. உண்மையை மறைத்து விண்ணப்பித்தால் ஐந்தாண்டுத் தடை விதிக்கப்படும். ஏற்கெனவே அவ்வாறு நிக்காஹ் செய்தவர்கள், விண்ணப்பிக்கும் முன்பே குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரை அணுகுவது நலம்.

இதனுடன் மற்றொன்று. நம் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில் பதிவதோடு கடமை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். விருந்து முடிந்த கையோடு இதைச் செய்துவிட்டால் பின்னர் அலைச்சல் இராது.

பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்றும் உண்டு. "மாப்பிள்ளை கனடாவில் இருக்கிறார்" என்பது ஒரு முழுமையான தகவல் அன்று. அவர் அந்நாட்டுக் குடிமகனா, நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவரா, வேலை அனுமதியில் இருப்பவரா, மாணவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஜனவரி 21 முதல் மாணவர்களின் மனைவியருக்கு வேலை அனுமதி வழங்கும் விதி கடுமையாக்கப்பட்டது. 16 மாதங்களோ அதற்கு மேலோ நடைபெறும் முதுநிலைப் படிப்பு, முனைவர் பட்டப் படிப்பு, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் பயில்வோரின் துணைக்கே அது கிடைக்கிறது. "அங்கே போனால் பெண்ணும் வேலைக்குப் போகலாம்" என்று சொல்லப்படும் வார்த்தையை நம்புவதற்கு முன், தாளைப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது.

இரண்டாவதாக, போய்ச் சேர்ந்த முதல் வாரங்கள். நிரந்தரக் குடியிருப்பு உரிமையுடன் செல்லும் தம்பதியர் முதலில் பெற வேண்டியது ஒன்பது இலக்கச் சமூகக் காப்பீட்டு எண். இது கட்டணமின்றித் தரப்படுகிறது. அடுத்தது மாகாண அரசின் மருத்துவ அட்டை. ஒன்டாரியோவில் முன்பு மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020இல் அக்காத்திருப்பு நீக்கப்பட்டது. மருத்துவரும் மருத்துவமனையும் அந்த அட்டையில் அடங்கும்; பெரியவர்களுக்கான பல் மருத்துவமும் கண்ணாடியும் கடையில் வாங்கும் மருந்தும் பொதுவாக அடங்கா. அடுத்தது வங்கிக் கணக்கு.

இங்கே கணவன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். எண், அட்டை, கணக்கு, கைப்பேசி ஆகிய நான்கும் மனைவியின் பெயரிலும் தனித்தனியே இருக்கட்டும். நிர்வாக வசதிக்காக எல்லாவற்றையும் தம் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் கணவர் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். ஆனால், அவர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் மனைவிக்கு ஓர் அவசரம் நேர்ந்தால், தம் பெயரில் ஒரு தாளும் இல்லாத பெண் என்ன செய்வார்? ஆபத்துக்கு அழைக்க வேண்டிய எண் 911. சமூக உதவிகள் பற்றிக் கேட்டறிய 211. இவ்விரண்டையும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாவதாக, வீடு. புதிதாக வருவோர் பலருக்கு முதலில் அமைவது பிறர் வீட்டின் நிலத்தடித் தளம். வாடகை குறைவு என்பதே காரணம். வெளியேறப் போதிய வழி, சன்னல், புகை எச்சரிக்கைக் கருவி, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஒன்டாரியோ சட்டப்படி வீட்டுக்காரர் கடைசி மாத வாடகையை முன்பணமாகக் கேட்கலாம். பொருட்சேதத்திற்கென்று தனி வைப்புத்தொகை கேட்க முடியாது.

அந்த நிலத்தடி அறையைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டொரன்டோவில் டிசம்பர் மாதத்தில் காலை ஏறத்தாழ 7:45 மணிக்குத்தான் சூரியன் எழுகிறது. மாலை ஏறத்தாழ 4:45 மணிக்கே மறைந்துவிடுகிறது. கணவன் இருளில் புறப்பட்டு இருளில் திரும்புகிறான். வெளியே குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 20 பாகை வரை இறங்கும் நாட்களும் உண்டு. பட்டம் பெற்று, தோழியரோடு பழகி, கலகலப்பான வீட்டில் வளர்ந்த பெண் நாள் முழுவதும் தனியே இருக்கிறாள். ஊரில் உள்ளவர்களை அழைக்கலாமென்றால், குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். அவளுக்கு நண்பகல் என்றால் தாய்க்கு இரவு பத்தரை. இரண்டாம் மாதத்தில் உறக்கம் கெடுகிறது, உணவு செல்லவில்லை, காரணமின்றிக் கண்ணீர் வருகிறது. "பொறுத்துக்கொள்; நாங்களெல்லாம் பொறுக்கவில்லையா?" என்று ஊரிலிருந்து அறிவுரை வருகிறது. பொறுமை சிறந்த பண்புதான். ஆயினும் உளச்சோர்வு ஒரு நோய். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நோய். ஈமான் குறைவு என்றோ செல்லம் கொடுத்து வளர்த்த குறை என்றோ அதற்குப் பெயர் சூட்டாதீர்கள்.

இதற்கு மருந்து வீட்டைவிட்டு வெளியே வருவதுதான். முதல் சம்பளத்தில் தங்கம் வாங்குவதற்கு முன் மனைவிக்கு நல்ல குளிர்காலக் காலணியும் மேலங்கியும் வாங்குங்கள். அவை இருந்தால் அவர் பனியிலும் நடப்பார். பொது நூலகம் கட்டணமின்றி உறுப்பினராக்கிக்கொள்கிறது. டொரன்டோ நூலகங்களில் தமிழ் நூல்களும் உண்டு. நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களுக்கு அரசு இலவச ஆங்கில வகுப்பு நடத்துகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் சில இடங்களில் இருக்கிறது. ஸ்கார்பரோ பகுதியில் ஈழத்துத் தமிழ் மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். 1983க்குப் பின் அனைத்தையும் இழந்து வந்து, கடைகளும் பள்ளிகளும் அமைத்தவர்கள். அவர்களுடைய மளிகைக் கடையில் முருங்கைக்காயும் கருவாடும் தமிழ்ப் பேச்சும் கிடைக்கும். அவர்களோடு பழகத் தயங்க வேண்டாம்.

நான்காவதாக, தொழுகையும் உணவும். ஊரில் மேற்கு நோக்கித் தொழுதவர்கள் டொரன்டோவில் வடகிழக்கு நோக்கித் தொழ வேண்டும். ஜூன் மாதத்தில் மஃரிப் இரவு ஒன்பது மணிக்கு. டிசம்பரில் லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வேலை நேரத்திற்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டத்தின்படி, நிறுவனத்திற்குத் தாங்க முடியாத இடர் நேராத வரையில், சமயத் தேவைக்கு முதலாளி இடமளிக்க வேண்டும். பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கிறது. 2016 ஏப்ரல் முதல், உணவுப் பொருளில் ஹலால் என்று அச்சிட்டால் சான்றளித்த அமைப்பின் பெயரையும் அச்சிட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஆகவே, பொட்டலத்தைத் திருப்பிப் படித்து வாங்கலாம். கனடாவின் முதல் பள்ளிவாசல் 1938இல் எட்மன்டன் நகரில் திறக்கப்பட்டது. டொரன்டோவில் 1969இல் ஒரு பழைய தேவாலயத்தை வாங்கிப் பள்ளிவாசலாக்கினார்கள். நமக்கு முன் சென்றவர்கள் பாதை அமைத்து வைத்திருக்கிறார்கள். அங்குள்ள பள்ளிகள் பலவற்றில் பெண்களும் ஜும்ஆவுக்கு வருகிறார்கள். கணவர் தாம் மட்டும் சென்று வராமல் மனைவியையும் அழைத்துச் செல்வாராயின், ஒரே வெள்ளியில் அவருக்குப் பத்துப் பேர் அறிமுகமாவார்கள்.

ஐந்தாவதாக, வேலை. ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் துஆச் செய்துவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டார்கள் என்ற வரலாற்றை நாம் அறிவோம். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றே அவர்கள் தொடங்கினார்கள். இங்கே பொறியாளராக இருந்தவர் அங்கே சில காலம் கிடங்கில் பெட்டி தூக்க நேரிடலாம். அது இழிவன்று. ஆனால், அதிலேயே நின்றுவிடக் கூடாது. மருத்துவம், செவிலியம், பொறியியல், ஆசிரியப் பணி போன்றவற்றுக்கு மாகாண உரிமம் தேவை. சான்றிதழ் மதிப்பீட்டை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும். கணவனுக்கு மட்டுமன்றி மனைவியின் பட்டத்திற்கும் இதைச் செய்ய வேண்டும். வாகன உரிமமும் அவ்வாறே. நம் நாட்டு உரிமத்தைக் கொண்டு ஒன்டாரியோவில் 60 நாட்கள் மட்டுமே ஓட்டலாம். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் உண்டு. இருவரும் எழுதுங்கள்.

ஆறாவதாக, சகோதரிகள் கவனத்தில் கொள்ள வேண்டிய சட்டம். கணவர் பொறுப்பேற்று அழைத்த மனைவி இரண்டாண்டுகள் அவரோடு வாழ்ந்தாக வேண்டும், இல்லையேல் குடியிருப்பு உரிமை பறிபோகலாம் என்ற விதி 2012இல் வந்தது. 2017 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. இப்போது நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றுவிட்ட பெண், பிரிந்துவிட்டார் என்ற ஒரே காரணத்தால் அதை இழப்பதில்லை. அழைத்தவரின் பொருளாதாரப் பொறுப்போ மூன்றாண்டுகள் நீடிக்கிறது. மணமுறிவு ஏற்பட்டாலும் அது நீங்காது. "திருப்பி அனுப்பிவிடுவேன்" என்ற அச்சுறுத்தலுக்கு அஞ்சி அடியும் வசையும் தாங்கியிருக்கும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் சொல்வதனால் குடும்பம் பிரிந்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நல்ல கணவனுக்கு இச்சட்டத்தால் யாதொரு குறையும் இல்லை.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். முதல் ஆண்டில் அவர்கள் கையில் மிச்சம் இராது. தங்கையின் திருமணம், வீட்டின் மாடி, பெருநாள் செலவு என்று பட்டியல் அனுப்பாதீர்கள். கணவன் மனைவிக்கிடையே எழும் சிறு பிணக்குகளை இரு குடும்பத்தாரும் கைப்பேசி வழியே விசாரணை செய்யாதீர்கள். சமையலறையைத் துடைப்பவன் உங்கள் மகனாக இருந்தால் சிரிக்காதீர்கள். இருவர் மட்டுமே உள்ள வீட்டில் இருவரும் வேலை செய்தால்தான் வீடு நடக்கும்.

இறுதியாக, நம் ஜமாஅத்திற்கு நான்கு யோசனைகளை முன்வைக்கிறேன். வெளிநாடு செல்லவிருக்கும் மணமக்களின் நிக்காஹை இருவரும் நேரில் இருக்கும்போதே நடத்துதல்; அரசுப் பதிவுக்கான படிவத்தை தஃப்தரோடு சேர்த்தே நிரப்பித் தருதல்; வெளிநாட்டு மாப்பிள்ளையின் ஆவணங்களைப் பெண் வீட்டார் பார்க்கும்படி ஜமாஅத்தே கேட்டுப் பெறுதல்; ஒவ்வொரு நாட்டிலும் உள்ள நம் ஊர்க் குடும்பங்களின் தொடர்பு விவரத்தை அவர்கள் இசைவுடன் ஒரு பதிவேட்டில் வைத்திருத்தல். விமான நிலையத்தில் இறங்கும் பெண்ணுக்கு அழைத்துப் பேச ஓர் ஊர்க்காரியின் எண் கையில் இருந்தால், அவளுடைய முதல் குளிர்காலத்தில் பாதிச் சுமை குறைந்துவிடும். நான்குக்கும் பெரிய பணச்செலவு இல்லை. வரும் ஆண்டின் அறிக்கையில் இவை நிறைவேறிய செய்தியாக இடம்பெற வேண்டும் என்று நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.