பள்ளித் தோட்டத்துச் சிறு தடாகம்

பதுளையிலுள்ள எமது பாடசாலைத் தோட்டத்தில் சென்ற ஆண்டு குழி தோண்டி, கடையில் வாங்கிய வார்ப்புத் தொட்டியொன்றைப் பதித்தோம். அடியில் மணல் பரப்பி மட்டம் பார்ப்பதற்கே ஒரு மாலைப்பொழுது கழிந்தது.

தோட்ட லயங்களிலிருந்து வந்த பெற்றோர் சிலர், "டெங்கு நுளம்பு பெருகாதா, ஐயா?" என்று வினவினர். நியாயமான அச்சமே. குழாய்நீரை இரண்டு நாள் திறந்தபடி வைத்திருந்து, பின்னர் கப்பி மீன்களை விட்டோம். நுளம்புக் குடம்பிகளை அவை விழுங்குவதை மாணவர் கண்ணாரக் கண்டனர்.

சிறுமியொருத்தி ஆசையோடு கொணர்ந்த ஆகாயத்தாமரையை மட்டும் ஏற்க இயலவில்லை. அழகுக்கென இலங்கைக்கு வந்த செடி அது. நீர்நிலைகளை மூடிப் படர்ந்தமையால் 1909இலேயே அதற்கெதிராகச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஐப்பசி மழையில் எமது தொட்டி வழிந்தால், அந்நீர் பதுளு ஓயாவை அடைந்து மகாவலியிற் கலக்கும். கப்பியும் அயல்நாட்டு மீனே. ஆதலால் நீர் வழியும் வாயில் நுண்வலை கட்டினோம். அதிற் படியும் இலைகளைக் களைவது ஆறாம் வகுப்பாரின் பொறுப்பு.

சிறுமியின் முகம் வாடிற்று. நம் தேசிய மலராகிய நீலோற்பலத்தின் கிழங்கொன்றை அவள் கையாலேயே நடச் செய்தேன். இப்போது மூன்று இலைகள் விட்டிருக்கின்றன.