காசில்லாத சந்தோசங்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



வெளிநாட்டில் சிறுபிள்ளைகளோடு வாழ்வதில் உள்ள அன்றாடச் சந்தோசங்களைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். ஊருக்கு வந்தால் நாங்கள் வழமையாகக் கதைப்பது குளிரையும் வேலைச் சுமையையும் பற்றித்தான். ஊரில் உள்ளவர்கள் கேட்பதோ வீட்டையும் காரையும் பற்றி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு நாளும் வந்து போகிற சின்னச் சந்தோசங்களை யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. இன்று அவற்றைச் சொல்கிறேன்.

நான் வாழ்வது இலண்டனில். காலையில் பிள்ளைகளோடு பாடசாலைக்கு நடந்து போவதே முதற் சந்தோசம். மழை பெய்தாலும் நடைதான். நீளச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தேங்கி நிற்கிற தண்ணீரில் ஒன்றுவிடாமல் குதித்துக் குதித்துப் போவார்கள். இலையுதிர் காலத்தில் பாதையோர மரங்களிலிருந்து கொங்கர் என்கிற பளபளப்பான மண்ணிறக் கொட்டைகள் விழும். வீட்டில் உள்ள சட்டைப்பைகள் எல்லாம் அவற்றால் நிறைந்துவிடும். பாடசாலைக்கு முன்னால், வட்டப் பலகை பூட்டிய நீளத் தடியோடு ஒருவர் நிற்பார். அவர் தடியைப் பிடித்தால் பெரிய லொறியும் நிற்கும். நாலு வயதுப் பிள்ளைக்காக ஒரு வீதியே நிற்பதை முதன்முதல் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இரண்டாவது, பஸ் பயணம். இலண்டன் பஸ்களில் 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. மாடி பஸ்ஸின் மேல்தட்டில் முன் ஆசனம் கிடைத்துவிட்டால் எங்கே போகிறோம் என்ற கேள்வியே எழாது. அப்படிப் போய் இறங்குகிற ஓர் இடம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அதன் பெரிய மண்டபத்தில் 25 மீற்றர் நீளமான நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. அதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. 2001 டிசம்பரிலிருந்து பிரித்தானியாவின் தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளை யாரும் காசில்லாமல் பார்க்கலாம்.

மூன்றாவது, நூலகம். கைக்குழந்தைக்கும் அங்கத்துவ அட்டை உண்டு. பாயில் அம்மாமாரும் குழந்தைகளும் வட்டமாக இருந்து பாட்டுப் பாடுவார்கள், கதை கேட்பார்கள். குழந்தைகளுக்கு இலவசமாகப் புத்தகம் கொடுக்கிற புக்ஸ்ரார்ட் திட்டம் 1992இல் பர்மிங்ஹாமில் தொடங்கி நாடெங்கும் பரவியது.

நான்காவது, ஞாயிறு காலை. பல பூங்காக்களில் 4 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் 2 கிலோமீற்றர் ஓடுவார்கள், விரும்பினால் நடப்பார்கள். ஜூனியர் பார்க்ரன் என்று அதற்குப் பெயர். கடைசியாக வருகிற பிள்ளைக்கும் கைதட்டல் குறையாது. நடத்துகிறவர்கள் எல்லோரும் தொண்டர்கள். 2004இல் ஒரு பூங்காவில் பெரியவர்கள் 13 பேர் ஓடியதிலிருந்து தொடங்கிய இயக்கத்தின் கிளை இது.

வைத்தியராக ஒரு வார்த்தை. இவை வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒன்று முதல் நாலு வயதுப் பிள்ளை நாளுக்கு 3 மணித்தியாலமாவது ஓடியாடித் திரிய வேண்டும் என்றும், இரண்டு வயதுக்கு முன் திரை பார்ப்பது நல்லதல்ல என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. நடையும் கதையும் பாட்டும்தான் அந்த வயதின் மருந்து. கதை தமிழில் சொன்னால் பிள்ளை குழம்பிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்கிற பிள்ளை இரண்டையும் பிடித்துக்கொள்ளும். குளிர்நாட்டுத் தங்கைமாருக்கு இன்னொன்று: வெயில் குறைந்த இடங்களில் எங்கள் நிறத்துப் பிள்ளைகளுக்கு விற்றமின் டி குறைவாக இருப்பது சாதாரணம். உங்கள் வைத்தியரிடம் கேட்டு அதைக் கொடுங்கள்.

இந்தச் சந்தோசங்களில் ஒன்றையும் நான் காசு கொடுத்து வாங்கவில்லை. ஆனால் இவை தானாக வந்தவையும் அல்ல. பொது நூலகங்களுக்கு அங்கே 1850இலேயே சட்டம் வந்தது. நூலகம் நடத்துவது உள்ளூராட்சி சபைகளின் கடமை என்று 1964இல் இன்னொரு சட்டம் சொன்னது. அண்மைக் காலத்தில் செலவைக் குறைக்கப் பல கிளைகள் மூடப்பட்டபோது தாய்மார் பதாகை பிடித்து நின்றார்கள். ஊர் கூடி ஏற்படுத்தி, ஊர் கூடிக் காக்கிற சந்தோசங்கள் இவை.

அப்படியானால் வன்னியில் ஏன் முடியாது? எங்களிடம் இல்லாதது என்ன? பாலைப்பழமும் வீரைப்பழமும் பொறுக்கித் தின்ற கைகள் எங்களுடையவை. குளக்கட்டில் ஓடாத ஓட்டமா? வீடு தேடி வந்து குழந்தையை நிறுத்துப் பார்க்கிற குடும்பநல மாது இங்கே பல தலைமுறையாக இருக்கிறார். எங்கள் பிள்ளைப்பருவத்தைப் பறித்தது வறுமை அல்ல, பயம். 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது மரநிழலில் வகுப்பு. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. வானத்தில் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழி. அதற்குப் பிறகு 2009ஐக் கடந்து வந்த பிள்ளைகள் பட்டதைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. அந்தப் பிள்ளைகள்தான் இன்று இங்கே தாய்மாராக இருக்கிறார்கள்.

இன்று குண்டுச் சத்தம் இல்லை. ஆனால் புலமைப்பரிசில் பரீட்சையும் தனியார் வகுப்புகளும் பத்து வயதுப் பிள்ளையின் பின்னேரத்தையும் சனி ஞாயிறையும் விழுங்குகின்றன. ஏ9 வீதியைக் கடக்கச் சின்னப் பிள்ளைகள் வாகனங்களுக்கு நடுவே காத்து நிற்கிறார்கள்.

நூற்றாண்டுக்கு நினைவு வளைவு கட்டலாமா என்று பேச்சு நடக்கிறது. அதற்கு முன் நான் மூன்று கேட்கிறேன். ஆரம்பப் பிரிவில் பாய் விரித்த ஒரு வாசிப்பு மூலை. வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஊரில் உள்ள பழைய மாணவி ஒருவர் அங்கே வந்து கதை சொல்ல வேண்டும். இரண்டாவது, நிழல் மரங்களோடு மணல் பரப்பிய விளையாட்டிடம். மூன்றாவது, காலையிலும் பாடசாலை விடும்போதும் பிள்ளைகளை வீதி கடத்திவிட முறை வைத்து நிற்கிற பெரியவர்கள். இவற்றில் இரண்டுக்குத்தான் காசு வேண்டும், அதுவும் வளைவுக்கு ஆகிற அளவு அல்ல.

வெளிநாட்டில் இருக்கிற தங்கைமாரே, வீட்டுக் கடன் பிறகும் இருக்கும். மேலதிக வேலையும் பிறகும் கிடைக்கும். கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வயது பத்து வருசத்துக்கு மேல் நிற்காது. உங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் துயரத்தைச் சொல்லுங்கள், அவர்கள் அறியத்தான் வேண்டும். அதோடு பாலைப்பழத்தின் ருசியையும் சொல்லுங்கள். அடுத்த விடுமுறைக்கு இங்கே கூட்டி வாருங்கள். அந்த மணலில் இங்குள்ள பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடட்டும்.

எங்களை வளர்த்த பாடசாலைத் தாய் வாழ்க.