சத்தம் சொல்லும் சேதி



"பெங்களூரில் கடலா இருக்கிறது? மோட்டார் படகைப் பற்றி இங்கே என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பெங்களூரில் கடல் இல்லை. ஆனால் ஏரிகள் உண்டு. அல்சூர் ஏரி எல்லோருக்கும் தெரியும். அதன் கரையில் ராணுவத்தின் மதராஸ் இன்ஜினியர் குரூப் இருக்கிறது. ஏரிக்கு அருகில், 2009ஆம் ஆண்டு திறந்து வைத்த திருவள்ளுவர் சிலையும் இருக்கிறது. அந்த ஏரியில் படகு ஓடியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஏரியில் மட்டும்தானா படகு? 2022 செப்டம்பரில் பெய்த மழையை மறக்க முடியுமா? பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் எங்கும் வெள்ளம். கார் போகும் தெருவில் ரப்பர் படகு போயிற்று. வீட்டுக்குள் சிக்கியவர்களைப் படகிலும் டிராக்டரிலும் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் பெருவெள்ளம் வந்தது. அங்கே மீனவர்கள் தங்கள் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து மக்களைக் காப்பாற்றினார்கள்.

இப்படி ஒரு படகை நினைத்துப் பாருங்கள். அதில் குழந்தை இருக்கிறது. பாட்டி இருக்கிறார். கர்ப்பிணிப் பெண் இருக்கிறார். நடு வெள்ளத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் இழுத்த பக்கம் படகு போகும்.

ஆனால் இன்ஜின் பல நேரங்களில் முன்கூட்டியே சேதி சொல்கிறது. முதலில் சத்தம் மாறும். பிறகு அதிர்வு கூடும். அந்தச் சேதியைக் கேட்டுப் புரிந்துகொள்வது எப்படி? அதுதான் இன்றைய பேச்சு.

இன்ஜின் எப்படி வேலை செய்கிறது?

சிறு படகுகள் பலவற்றில் பின்பலகையில் இன்ஜினை மாட்டியிருப்பார்கள். இதற்கு அவுட்போர்டு இன்ஜின் என்று பெயர். மேலே இன்ஜின் இருக்கும். அதிலிருந்து ஒரு தண்டு கீழே இறங்கும். அடியில் கியர் பெட்டி இருக்கும். அதன் முனையில் விசிறி இருக்கும். விசிறி சுழன்று தண்ணீரைப் பின்னே தள்ளும். படகு முன்னே போகும்.

இன்ஜின் சூடாகாமல் இருக்க ஒரு பம்பு உண்டு. ஏரித் தண்ணீரையே அது உறிஞ்சி இன்ஜினுக்குள் அனுப்பும். அந்தத் தண்ணீரில் கொஞ்சம், மெல்லிய தாரையாகப் பின்பக்கம் வெளியே பீச்சும். இந்தத் தாரை உள்ள இன்ஜினில் அதன்மேல் எப்போதும் ஒரு கண் இருக்க வேண்டும்.

எப்போது சத்தம் வருகிறது?

சத்தம் கேட்டதும் பலர் "என்ன சத்தம்?" என்று கேட்பார்கள். அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு. "எப்போது சத்தம் வருகிறது?" என்று கேட்க வேண்டும்.

ஒரு படகை எடுத்துக்கொள்வோம். ஓட்டுபவர் அண்ணன். உதவிக்குத் தம்பி. படகில் நாலு பேர் ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார்கள். நடு ஏரியில் படகு நடுங்கத் தொடங்குகிறது.

"அண்ணே, இன்ஜின் ஒரு மாதிரி உதறுது."

"எப்ப இருந்துடா?"

"அந்த ஆகாயத் தாமரைப் பக்கம் போனோமே, அதுக்கு அப்புறம்தான்."

அண்ணன் வேகத்தைக் குறைக்கிறார். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருகிறார். இப்போது இன்ஜின் ஓடுகிறது, விசிறி சுற்றவில்லை. உதறல் நின்றுவிட்டது. மறுபடி கியர் போடுகிறார். உதறல் திரும்ப வருகிறது.

"கோளாறு மேலே இல்லைடா, கீழே" என்கிறார் அண்ணன்.

இன்ஜினை அணைக்கிறார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுகிறார். பிறகுதான் இன்ஜினைச் சாய்த்துத் தூக்குகிறார். விசிறியில் பிளாஸ்டிக் பையும் கயிறும் சுற்றிக் கிடக்கின்றன. வெட்டி எடுக்கிறார். பார்த்தால், விசிறியின் ஓர் இதழ் வளைந்திருக்கிறது. உதறல் குறைந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை.

"கரைக்குத் திரும்பிடலாம்" என்கிறார்.

"காசு கொடுத்திருக்கோமே, இன்னும் ஒரு சுற்று வரக்கூடாதா?" என்கிறார் படகில் இருப்பவர்.

"காசைத் திருப்பித் தந்துடறேன் சார். உயிரை யார் தருவாங்க?"

மெதுவாகக் கரை சேர்கிறார்கள். அண்ணன் செய்தது சரிதானே?

கோளாறைப் பிரித்துப் பார்ப்போம்

நியூட்ரலில் உதறல் இல்லை, கியரில் மட்டும் உண்டு என்றால் விசிறி, தண்டு, கியர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நியூட்ரலிலும் உதறினால் இன்ஜினைப் பார்க்க வேண்டும்.

விட்டு விட்டு வெடிப்பது போன்ற சத்தம், கூடவே குலுக்கல். ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருக்கலாம். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இருக்கலாம்.

இன்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை. விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்கியிருக்கலாம். சிறிய இன்ஜின்களில் விசிறியைப் பிடிக்கும் ஊசி முறிந்திருக்கலாம். இன்ஜினை மிக உயரமாக மாட்டியிருந்தால், விசிறி காற்றை இழுத்தும் இப்படி அலறும்.

படகே கடகடவென்று ஆடுகிறது. இன்ஜினைப் பலகையோடு பிடிக்கும் திருகுகள் தளர்ந்திருக்கலாம். இதைத் தினமும் புறப்படும் முன்பே கையால் இறுக்கிப் பார்க்கலாம்.

அடியில் கரகரவென்று அரைக்கும் சத்தம். கியர் பெட்டியின் எண்ணெயைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. எண்ணெயில் இரும்புத் துகள் தெரிந்தால் பல்சக்கரம் தேய்கிறது. இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

மூன்று அடையாளங்களை மறக்காதீர்கள்.

ஒன்று, தண்ணீர்த் தாரை நின்றுபோவது. பிளாஸ்டிக்கோ பாசியோ உறிஞ்சும் துளையை அடைத்திருக்கும். இல்லையென்றால் பம்பின் ரப்பர்ச் சக்கரம் கெட்டிருக்கும். அதற்கு மேல் ஓட்டினால் இன்ஜின் வெந்துவிடும்.

இரண்டு, இன்ஜினுக்குள் இரும்பை இரும்பு அடிப்பது போல டக் டக் என்ற சத்தம்.

மூன்று, எரியும் நாற்றம் அல்லது பெட்ரோல் நாற்றம்.

இவற்றில் எது வந்தாலும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். துடுப்புப் போட்டுக் கரை சேர வேண்டும். அதனால்தான் மோட்டார் படகிலும் துடுப்பு வேண்டும், நங்கூரம் வேண்டும். படகில் உள்ள அத்தனை பேருக்கும் மிதவைச் சட்டை வேண்டும்.

செய்யக் கூடாதவை

இன்ஜின் ஓடும்போது விசிறி அருகில் கை கொண்டுபோகாதீர்கள். பெட்ரோல் பக்கம் பீடி, சிகரெட் கூடாது. கரையில் தண்ணீர் இல்லாமல் இன்ஜினை ஓட்டிப் பார்க்காதீர்கள். பம்பின் ரப்பர் சீக்கிரமே கெட்டுவிடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும். அளவைக் கண்ணால் பார்த்து ஊற்றாதீர்கள். இன்ஜினோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவைப் படித்து அளந்து ஊற்றுங்கள். எண்ணெய் குறைந்தால் இன்ஜின் இறுகிப்போகும். அதிகமானால் பிளக்கில் கரி படியும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிளக்கையும் மாற்றி, விசிறியையும் மாற்றினால், எதனால் சரியானது என்று தெரியாது. ஏரிக்கு அருகில் சிலையாக நிற்கும் வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்னதும் இதுதான். நோய் எது, அது எதனால் வந்தது என்று முதலில் அறிய வேண்டும். வைத்தியம் அதற்குப் பிறகுதான்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

படிக்கக் கற்ற கைக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. படகில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். தேதி எழுதுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதுங்கள். சத்தம் எப்போது வந்தது, நியூட்ரலிலா, கியரிலா, எந்த வேகத்தில் வந்தது என்று எழுதுங்கள். எண்ணெய் மாற்றிய நாளையும் குறியுங்கள்.

"சும்மா ஏதோ சத்தம் வருது" என்று சொன்னால் மெக்கானிக் இன்ஜினையே பிரிப்பார். கூலியும் ஏறும். நோட்டைக் காட்டினால் நேராகக் கோளாறு உள்ள இடத்துக்குப் போவார். உங்கள் காசும் மிச்சம், நேரமும் மிச்சம்.

சிவாஜி நகர் ஆட்டோக்காரருக்கும், தண்ணீர் மோட்டார் ஓட்டுபவருக்கும், தையல் மெஷின் மிதிக்கும் தாய்க்கும் இது பொருந்தும். எந்த மெஷினாக இருந்தாலும் அது நன்றாக ஓடும்போது எப்படி ஒலிக்கிறது என்று காதில் பதிய வையுங்கள். அந்தச் சத்தம் தெரிந்தவருக்குத்தான் மாறிய சத்தம் புரியும்.

காது கேட்கட்டும். கை எழுதட்டும். படகு பத்திரமாகக் கரை சேரட்டும்.