ஊறவைத்தால் அது உலர்பழம் இல்லை
(நம் குடியிருப்பு மகளிர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

பேரீச்சம்பழ ஜாம் செய்முறை சொல்லத்தான் கூப்பிட்டார்கள். அதற்கு முன் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும்.

போன வருஷம் நான் செய்த ஜாமை நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். இருபதே நாளில் ஒரு வீட்டில், "அக்கா, மேலே வெள்ளையா பூத்திருந்தது, வழிச்சுப் போட்டுட்டுக் குழந்தைக்குக் கொடுத்தேன்" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணுக்குத் தெரிவது பூஞ்சையின் மேல்பகுதிதான். இழை உள்ளேயும் இறங்கியிருக்கும். அப்படிப் பூத்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

தப்பு என்னுடையது. உலர்ந்த பழம்தானே, கெடாது என்று நினைத்துவிட்டேன். ஈரம் குறைவாக இருப்பதால்தான் அது கெடாமல் இருக்கிறது. ஊறவைத்ததுமே அந்தக் காவல் போய்விடும். போதாததற்கு, இனிப்பு குறையட்டும் என்று வெல்லத்தைப் பாதியாக்கி, நீர் சுண்டும் முன்பே இறக்கிவிட்டேன். கடை ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று விதியே இருக்கிறது. சும்மாவா வைத்தார்கள்?

பேரீச்சையில் புளிப்பும் போதாது. அதற்கு எலுமிச்சை தேடுவானேன்? தர்மபுரியில் இருந்துகொண்டு புளிக்குப் பஞ்சமா! புளியும் காய்ந்த பழம்தானே. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் நமக்குக் காவல். (அரியாகுளம் தோட்டத்துப் பச்சைப் பேரீச்சை சாப்பிட அருமை. இதற்குக் காய்ந்ததுதான் சரி.)

கொட்டை நீக்கிய பேரீச்சை அரை கிலோ, புளி 100 கிராம். இரண்டையும் தனித்தனியாக வெந்நீரில் ஊறவையுங்கள். புளியைக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, பேரீச்சையோடு அரையுங்கள். வடிகட்டிய வெல்லப்பாகு, 400 கிராம் வெல்லத்தில் காய்ச்சியது, சேர்த்துச் சிறுதீயில் கிளறுங்கள். அடி பிடிக்கும், நகராதீர்கள். சுட்டால் கொப்பளித்துவிடும், நீளக் கரண்டி எடுங்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டால் சுற்றிலும் நீர் கசியக் கூடாது. கசிந்தால் இன்னும் கிளற வேண்டும்.

கண்ணாடி பாட்டிலைப் பத்து நிமிஷம் கொதிநீரில் போட்டெடுத்து, ஈரம் போனதும் சூடாகவே நிரப்புங்கள். ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈரக் கரண்டி கூடவே கூடாது. திறந்தால் ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், வெல்லம்தானே என்று ஏமாறாதீர்கள்.

ஆறு பாட்டில் கொண்டுவந்திருக்கிறேன், தேதியும் ஒட்டியிருக்கிறது. போன வருஷம் வாங்கிய நாலு வீட்டுக்கும்தான் முதலில்.