குசினி ஓரத்தில் புதினா



சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டங்களிலே, குசினிக்குப் பின்னால் மிளகாயும் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறோம். புதினாவை மட்டும் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம். கேட்டால், "எங்க மண்ணுக்கு அது வராதுங்க" என்கிறார்கள். பாதி உண்மைதான். கடலோரக் களிமண்ணில் தண்ணீர் தேங்கும்; புதினா வேர் அழுகிவிடும். ஆகவே, டின்னில் வையுங்கள்.

விதைக்கு அலைய வேண்டாம். புதினா பூக்க நீண்ட பகல் வேண்டும். நம் நாட்டிலோ ஆண்டு முழுதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல்தான். கறிக்கு வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டாக நாலைந்து எடுங்கள். நாலு அங்குலம் போதும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீரைத் தினம் மாற்றினால், ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் தெரியும். பிறகு நடலாம்.

எந்த டின்னில் நடுவது? இதற்காகத்தான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன். மருந்தடிக்கும் வேலையில் மிஞ்சிய காலி டின், பார்க்க உறுதியாக இருக்கும். "சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவியாச்சு" என்று அதிலே செடி வைப்பவர்கள் உண்டு. வேண்டாம், தாய்மார்களே! பிளாஸ்டிக்கில் ஊறிய விஷம் முழுதும் போகாது. சில மருந்துகளை வேர் உறிஞ்சி இலைக்கு ஏற்றிவிடும். அதை அலசிப் போக்க முடியாது. புதினாவைப் பச்சையாகவே துவையல் அரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம் அல்லவா? பாராகுவாட் மருந்தை நம் அரசு 2020 சனவரி முதல் தேதியிலிருந்து முற்றாகத் தடை செய்துவிட்டது. ஆனால், பழைய டின் எங்காவது மூலையில் கிடக்கலாம். மற்ற மருந்துகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த டின்களைத் துளை போட்டு, ஸ்டோரிலேயே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

பிஸ்கட் டின், மைலோ டின், சமையல் எண்ணெய் டின் எதுவும் ஆகும். அடியில் ஐந்தாறு துளை போடுங்கள். மண்ணோடு மாட்டெருவும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்புங்கள். நார்த்தூளை முதலில் ஊறவைத்துப் பிழிந்தால் உப்புப் போய்விடும். காலை வெயில் படட்டும். உச்சி வெயில் வேண்டாம். நுனியைக் கிள்ளக் கிள்ளத்தான் கிளைக்கும். சில மாதம் கழித்து இலை சிறுத்தால், டின் முழுக்க வேர் அடைத்துவிட்டது என்று பொருள். பிடுங்கிப் பிரித்து, பாதியைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைப் புது மண்ணில் நடுங்கள்.